ஸ்பிரிங்பேங்க் 10: வாங்குவது, திறப்பது, ருசிப்பது, பத்திரப்படுத்துவது

10 ஆண்டு பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச் விஸ்கியான ஸ்பிரிங்பேங்க் 10, ஊற்றிய உடனே பிடிபடுகிற விஸ்கி இல்லை. மூடியைத் திறந்து கிளாஸில் விட்ட முதல் நிமிடத்தில் உரசிய தீக்குச்சி வாடையும் ஈரச் சாக்கு வாடையும் லேசாக இயந்திர எண்ணெய் வாடையும் வரலாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சரக்கு கெட்டுப்போயிருக்கிறது என்று பலர் இந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். கால் மணி நேரம் பொறுத்து, ஒன்றிரண்டு மில்லி தண்ணீர் விட்டுப் பாருங்கள். பேரிக்காய், வெண்ணிலா, கடல் உப்பு, மெல்லிய கரிப்புகை என்று ஒவ்வொன்றாக மேலே வரும். அந்தக் கால் மணி நேரத்தை எப்படிக் கையாள்வது, எது குறை, எது குணம் என்று பிரித்தறிவது எப்படி என்பதே இங்கே விஷயம். அதற்கு வடிசாலையில் நடக்கும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே, எப்படி உருவாகிறது

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் தெற்கு நோக்கி நீண்டு இறங்குகிறது கின்டயர் தீபகற்பம். அதன் கீழ்க்கோடியில் இருக்கும் துறைமுக ஊர் கேம்பல்டவுன். 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊரில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இயங்கின. 1930-களின் நடுவில் மிஞ்சியவை ஸ்பிரிங்பேங்க்கும் கிளென் ஸ்கோஷியாவும்தான். ஸ்பிரிங்பேங்க் 1828-இல் தொடங்கப்பட்டது. 1837-இல் மிட்செல் குடும்பத்தின் கைக்கு வந்தது. இன்றும் ஜே அண்ட் ஏ மிட்செல் நிறுவனம்தான் நடத்துகிறது. பக்கத்திலேயே மூடிக் கிடந்த கிளென்கைல் வடிசாலையையும் அவர்களே 2004-இல் மறுபடி ஓடவைத்தார்கள்.

மற்ற இடங்களிலிருந்து ஸ்பிரிங்பேங்க்கைப் பிரித்துக் காட்டுவது அதன் மால்ட். ஸ்காட்லாந்தின் பெரும்பாலான வடிசாலைகள் முளைகட்டிய பார்லியைப் பெரிய ஆலைகளிலிருந்து வாங்குகின்றன. இங்கே தங்களுக்கு வேண்டிய மொத்த மால்ட்டையும் தாங்களே தயாரிக்கிறார்கள். ஊறவைத்த பார்லியைத் தரையில் பரப்பி, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமலும் சூடு ஏறாமலும் இருக்க இரவு பகலாக மரத் துடுப்பால் புரட்டிவிடுகிறார்கள். முளைத்ததும் சூளைக்கு ஏற்றுவார்கள். ஸ்பிரிங்பேங்க்குக்குப் போகிற மால்ட்டுக்கு முதல் 6 மணி நேரம் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து உலர்த்திய மட்கு) எரிக்கும் புகை, அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வெறும் சூடான காற்று. புகை இவ்வளவு குறைவு என்பதால்தான் மூக்குக்கு முன்னால் வராமல் பின்னணியில் நிற்கிறது. புகை தூக்கலான ஐலா தீவு விஸ்கி குடித்துப் பழகியவர்கள், "இதில் புகையே இல்லையே" என்பார்கள். இருக்கிறது, தொண்டைக்கு இறங்கிய பிறகு தேட வேண்டும்.

நொதித்தல் லார்ச் மரத் தொட்டிகளில் நடக்கிறது. அவசரமே கிடையாது. பல வடிசாலைகள் 50, 60 மணி நேரத்தில் முடித்துவிடும். இங்கே 100 மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஈஸ்ட் தன் வேலையை முடித்து ஓய்ந்த பிறகு, மரத்தில் குடியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். பேரிக்காய், மாம்பழத் தோல் மாதிரியான பழ வாசனைகளுக்கும் லேசான தயிர்ப் புளிப்புக்கும் வேர் அங்கேதான். கிளாஸில் அந்தப் புளிப்பு தட்டினால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

அடுத்தது வடித்தல். 'இரண்டரை முறை வடித்தது' என்று லேபிளிலும் கடைகளிலும் சொல்வார்கள். நடப்பது இதுதான். மூன்று செம்புக் கலன்கள் இருக்கின்றன. முதல் கலன் நேரடித் தீயில் சூடேறுவது. அடிப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு செம்புச் சங்கிலி சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் முதல் வடியில் ஏறத்தாழ 80 சதவீதம் இரண்டாவது கலனில் இன்னொரு முறை வடிக்கப்படுகிறது. மீதி 20 சதவீதம் அப்படியே ஒதுக்கி வைக்கப்படும். மூன்றாவது கலனில் இரண்டையும் சேர்த்து ஊற்றிக் கடைசி முறை வடிப்பார்கள். ஆக, பெரும்பகுதி மூன்று முறையும் ஒரு சிறுபகுதி இரண்டு முறையும் வடிபட்டது. மூன்று முறை வடிபட்டது லேசாகவும் சுத்தமாகவும் இருக்கும். அதற்குக் கனத்தையும் எண்ணெய்ப் பசையையும் கொடுப்பது அந்த 20 சதவீதம்தான். நாக்கில் படரும் அந்த வழுவழுப்பு இல்லையென்றால் ஸ்பிரிங்பேங்க்குக்கு இத்தனை பேர் அலைய மாட்டார்கள்.

10 வயதுச் சரக்கை வழக்கமாக போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய்களிலும் ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) இருந்த பீப்பாய்களிலும் கிடந்ததைக் கலந்து உருவாக்குகிறார்கள்; போர்பன் பங்கு பாதிக்கு மேல். 46 சதவீத ஆல்கஹாலில், குளிரூட்டி வடிகட்டாமல் (குளிரவைத்து, மங்கலாக்கும் பொருள்களை வடித்து நீக்காமல்), கேரமல் நிறம் சேர்க்காமல், அதே ஊரிலேயே பாட்டிலில் அடைக்கிறார்கள். ஸ்காட்ச் சட்டப்படி நிறத்துக்குக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. இவர்கள் சேர்ப்பதில்லை. அதனால் ஒரு தொகுதி வைக்கோல் நிறத்திலும் அடுத்த தொகுதி கொஞ்சம் பொன்னிறமாகவும் வரும். இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்து, நிறம் மாறியிருக்கிறதே, போலியோ என்று பயப்பட வேண்டியதில்லை.

வாங்கும்போது

உற்பத்தி குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை என்றாகிவிட்டது. மறுவிற்பனையில் கேட்கும் தொகையைக் கொடுக்கும் முன் ஒரு யோசனை: கிளென்கைல் வடிசாலையின் கில்கெரன் 12-ஐப் பாருங்கள். மால்ட் ஸ்பிரிங்பேங்க்கின் தரையிலேயே முளைத்தது. லேசான பீட், 46 சதவீதம், அங்கேயும் குளிரூட்டி வடிகட்டுவதில்லை. இரண்டு முறை வடித்தது என்பதால் அமைப்பு வேறு. ஆனால் கேம்பல்டவுன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அது போதும். பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் மட்டத்தைப் பாருங்கள். புதுப் பாட்டிலில் விஸ்கி கழுத்துப் பகுதியில் நிற்க வேண்டும். தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் தக்கை கசிந்திருக்கிறது, அல்லது வெயிலில் கிடந்திருக்கிறது. உறை சுருங்கியோ, ஒட்டியிருந்ததைப் பிரித்து மறுபடி ஒட்டியது போலவோ இருந்தால் வாங்காதீர்கள். தலைகீழாகக் கவிழ்த்து மூடியைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று ஒரு நொடி பார்க்கலாம். அதற்கு மேல் கவிழ்த்து வைக்கக் கூடாது. பாட்டிலில் அச்சாகியிருக்கும் குறியீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த தேதி அதில் இருக்கும். பின்னால் இன்னொரு பாட்டிலோடு ஒப்பிடும்போது, "போன தடவை இப்படி இல்லையே" என்ற குழப்பத்துக்கு அதுதான் விடை சொல்லும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு: இந்தியாவுக்குள் வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். 700 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.4 லிட்டர், மூன்றாவதை எடுத்தால் 2.1 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். பெட்டியில் வைக்கும்போது மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் உறையை இறுக்கி, ஜிப் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றே திறக்க வேண்டாம், இரண்டு நாள் நிற்கட்டும்.

திறப்பது

தக்கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதுதான் தக்கை உடைவதற்கு முதல் காரணம். பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையால் மூடியை அசையாமல் பற்றிக்கொண்டு, மறுகையால் பாட்டிலை மெதுவாகத் திருப்புங்கள். தக்கை ஒட்டுவிட்டு நகரத் தொடங்கிய பிறகு மேலே தூக்கினால் போதும். நாள்பட்ட பாட்டில்களில் தக்கை வறண்டிருக்கும்; இவற்றில் அவசரம் காட்டினால் பாதி உள்ளேயே நின்றுவிடும்.

உடைந்துவிட்டால் உள்ளே தள்ளாதீர்கள். ஒயின் தக்கைத் திருகியைச் சற்றுச் சாய்வாகச் செலுத்தி மெல்ல இழுங்கள். வராவிட்டால், துகள்கள் விழுந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட்டு, சுத்தமான இன்னொரு கண்ணாடி பாட்டிலில் வடிகட்டிக்கொள்ளலாம். காபி வடிக்கும் காகித வடிகட்டியை முதலில் வெந்நீரில் அலசி உலரவிட்டுப் பயன்படுத்துங்கள். அலசாவிட்டால் காகித வாசனை விஸ்கியில் ஏறும். பீப்பாயின் உட்புறக் கரி சில சமயம் கறுப்புத் துகளாக அடியில் தங்கியிருக்கும். அதற்கும் இதே வழிதான். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

கிளாஸில்

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். விஸ்கிக்கென்றே செய்யப்படும் கிளென்கேர்ன் கிளாஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகன்ற வாய் டம்ளரில் வாசனை நாலா பக்கமும் போய்விடும், ஆல்கஹாலின் காரம் மட்டும் மிஞ்சும். சோப்பு வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசித் துடைத்துக்கொள்ளுங்கள்.

30 மில்லி ஊற்றுங்கள். அதில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 11 கிராம் இருக்கிறது. ருசி அறிய இது தாராளம். இரண்டாவது முறை ஊற்றினால் நாக்கு களைத்து, கவனித்த வாசனைகளே மங்கிவிடும். ஊற்றியபின் மூடாமல் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். தீக்குச்சி வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. அவை போகத்தான் இந்த நேரம். ஒயினைச் சுழற்றுவதுபோலச் சுழற்ற வேண்டாம், 46 சதவீத ஆல்கஹால் கூட்டமாக எழும்பி மூக்கைப் பொசுக்கும். கிளாஸைச் சாய்த்து ஒரு சுற்று உருட்டி, சுவரில் இறங்கும் கோடுகளைப் பார்த்தால் போதும். இந்த விஸ்கியில் அவை அவசரப்படாமல் இறங்கும்.

மூக்கை கிளாஸுக்குள் விடாமல், விளிம்புக்கு ஒரு விரல்கடை தள்ளி, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். வாய் திறந்திருந்தால் காரம் குறைவாகத் தெரியும். முதல் மிடறு அரை ஸ்பூன் அளவு மட்டும். அதை வாய் முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். அது நாக்கை ஆல்கஹாலுக்குப் பழக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது மிடறில்தான் உப்பு, மால்ட், புகை மூன்றும் தனித்தனியாகப் பிரியும்.

இனி தண்ணீர். கண்ணளவில் விடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: ஊற்றிய மில்லியை பாட்டிலின் சதவீதத்தால் பெருக்கி, உங்களுக்கு வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஊற்றிய அளவைக் கழித்தால் விட வேண்டிய தண்ணீர் கிடைக்கும். 30 மில்லி ஸ்பிரிங்பேங்க் 10-க்கு 1 மில்லி விட்டால் 44.5 சதவீதம், 2 மில்லி விட்டால் 43, நாலரை மில்லிக்கு 40, ஒன்பதரை மில்லிக்கு 35. எங்கள் பரிந்துரை 2 மில்லியில் நிறுத்துவது. பழமும் உப்பும் அங்கே நன்றாக விரிகின்றன, எண்ணெய்ப் பசையும் போவதில்லை. 40-க்குக் கீழே இறங்கினால் அந்த வழுவழுப்பு உடைந்து, ருசி மெலிந்துவிடும். 12 வயது காஸ்க் ஸ்ட்ரென்த் (தண்ணீர் கலக்காமல் பீப்பாயின் வீரியத்திலேயே அடைத்தது) வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். பாட்டிலில் 55 சதவீதம் என்றிருந்தால், 30 மில்லியை 46-க்குக் கொண்டுவர 6 மில்லி வேண்டும். ஒரேயடியாக விடாமல் இரண்டிரண்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது.

தண்ணீர் விழுந்ததும் கிளாஸை வெளிச்சத்தில் பிடியுங்கள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து கண்ணாடி இழைகள் மாதிரி மெல்லிய சுருள்கள் கீழே இறங்கி, சுற்றி, சில நொடியில் கரையும். அடர்த்தி வேறான இரண்டு திரவங்கள் கலக்கும்போது ஒளி வளைவதால் வருவது அது. 35 சதவீதத்தை நெருங்கும்போது விஸ்கி லேசாக மங்கினாலும் கவலை வேண்டாம். குளிரூட்டி வடிகட்டாததால் கொழுப்பமில எஸ்டர்கள் என்ற எண்ணெய்ப் பசைச் சேர்மங்கள் அப்படியே இருக்கின்றன. ஆல்கஹால் குறையும்போதும் குளிரும்போதும் அவை கரைந்து நிற்க முடியாமல் வெளியே வருகின்றன. நாக்கில் படரும் கனத்துக்கும் அவைதான் காரணம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரும் குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரும் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ அறை வெப்பநிலையில் இருந்தால் போதும். ஐஸ் போட்டால் வாசனை அடங்கி, மங்கலும் கசப்பும் முன்னால் வரும். சோடாவுக்கு வேறு விஸ்கிகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்த சரக்கை அதில் விட வேண்டாம்.

கூட எதுவும் சாப்பிடாமல் குடிப்பதே நல்லது. வேண்டுமென்றால் உப்புச் சேர்க்காத வறுத்த முந்திரி, இறுகிய பழைய சீஸ், 70 சதவீத டார்க் சாக்லேட். மிளகாய்க் காரமும் மிளகு வறுவலும் கூடவே கூடாது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும், 10 ஆண்டு பீப்பாயில் கிடந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும்.

மூன்றையும் ஒரே மேசையில்

இந்த வடிசாலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே இடத்தில், ஒரே கலன்களில் மூன்று விஸ்கிகள் உருவாகின்றன. ஹேசல்பர்னுக்குப் பீட் புகையே கிடையாது, மூன்று முறை வடித்தது. லாங்ரோவுக்குச் சூளையில் 48 மணி நேரம் வரை பீட் புகை, இரண்டு முறை வடித்தது. நடுவில் ஸ்பிரிங்பேங்க். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டில் என்று பங்கு போட்டால் கட்டுப்படியாகும். மூன்றும் 46 சதவீதத்தில் வரும் சாதாரணப் பாட்டில்களாக இருக்கட்டும். காஸ்க் ஸ்ட்ரென்த்தைக் கலந்தால் ஒப்பீடு பாழ்.

ஒவ்வொன்றிலும் 10 மில்லி போதும். வரிசை மாறக் கூடாது: ஹேசல்பர்ன், ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ. லாங்ரோவை முதலில் தொட்டால் அதன் புகை நாக்கில் உட்கார்ந்துகொண்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ஹேசல்பர்னில் தெரியும் மெல்லிய, சுத்தமான மால்ட் இனிப்பையும் லாங்ரோவில் தெரியும் மண்வாடையையும் நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப நடுக் கிளாஸுக்கு வாருங்கள். இரண்டரை முறை வடித்தல் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் நாக்கே சொல்லிவிடும்.

எது உண்மையான குறை

தீக்குச்சி வாடை காற்றில் போய்விட்டால் குறையில்லை. அரை மணி நேரம் கழித்தும் எரிந்த ரப்பர் மாதிரி நின்றால் அது ஷெர்ரி பீப்பாயில் வந்த கந்தகம். பாட்டிலைத் திறந்து மூடி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், பாதி குறையலாம், முழுக்கப் போகாது. நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த தினசரித் தாள் வாடை வந்து, பழ வாசனை எதுவுமே எழும்பாவிட்டால் தக்கையால் வந்த கெடுதல். அதற்கு மருந்து இல்லை. வாங்கிய கடையில் ரசீதோடு பேச வேண்டியதுதான்.

வைக்கும் முறை

ஒயினைப் போலப் படுக்க வைக்கக் கூடாது. 46 சதவீத ஆல்கஹால் தக்கையை அரித்து, துகளையும் தக்கை ருசியையும் விஸ்கியில் இறக்கும். எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். வெயில் படக் கூடாது, அலமாரியின் மேல்தட்டும் கூடாது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைகளில் ஏப்ரல், மே மாதங்களில் மேல்தட்டுச் சூடு எவ்வளவு ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்று தக்கையைத் தளர்த்தி, வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். வெளிச்சுவர் இல்லாத உள் அறை, அலமாரியின் கீழ்த்தட்டு, அட்டைப்பெட்டிக்குள். இது போதும். பிரிட்ஜ் தேவையில்லை. தவறி வைத்து மங்கலாகிவிட்டால் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், தெளிந்துவிடும்.

திறந்த பாட்டில் முக்கால் அளவு இருக்கும்வரை ஓராண்டு தாராளமாக நிற்கும். சொல்லப்போனால் கழுத்து மட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் ஸ்பிரிங்பேங்க் தன் முழு உருவத்தில் வரும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் காற்று அதிகமாகி, புகையும் பழமும் தட்டையாகத் தொடங்கும். அப்போது 100 அல்லது 200 மில்லி கண்ணாடிப் பாட்டிலுக்கு, விளிம்பு வரை நிரம்பும்படி மாற்றுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். இருமல் மருந்து, எசன்ஸ் இருந்த பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது, அதுவும் வேண்டாம். மாற்றிய தேதியை ஒட்டி வையுங்கள்.

காலியானதும் தக்கை மூடியைக் கழுவாமல் துடைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பாட்டிலின் தக்கை உடைந்தால் சரியாகப் பொருந்தும். பாட்டிலைப் பழைய சாமான்காரரிடம் போடுவதாக இருந்தால் லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். இந்தப் பெயர் போட்ட காலிப் பாட்டிலுக்கு, அதில் வேறு சரக்கை நிரப்பி விற்பவர்களிடம் நல்ல விலை இருக்கிறது.